நின்ற பிறகு வரும் குளிர்: மழையில் பனிச்சறுக்குப் பயிற்சி

நார்வே நாட்டு வீராங்கனை மாரிட் பியோர்கன், 2002 முதல் 2018 வரை ஐந்து குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளில் 15 பதக்கங்கள் வென்றவர். அவற்றில் 8 தங்கம். அவருடைய விளையாட்டு கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங் எனப்படும் நெடுந்தொலைவுப் பனிச்சறுக்கு. மலையுச்சியிலிருந்து சர்ரென்று இறங்குவார்களே, அது வேறு விளையாட்டு. இதில் ஏற்றம், சமதளம், இறக்கம் மூன்றும் கலந்து வரும். நீண்ட மெல்லிய சறுக்குக் கட்டைகளைக் காலில் பூட்டிக்கொண்டு, இரு கைகளிலும் ஊன்றுகோல் பிடித்து, முழுக்க முழுக்கச் சொந்த உடல்பலத்தில் 10, 20, 50 கிலோமீட்டர் போக வேண்டும். 1924இல் பிரான்சின் ஷமோனியில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கிலேயே இது இடம்பெற்றுவிட்டது. ஸ்கீ என்ற சொல்லுக்கு மூலமான பழைய நார்ஸ் மொழிச் சொல்லுக்குப் பிளந்த மரக்கட்டை என்பதே பொருள்.

பியோர்கனின் பயிற்சிக் குறிப்புகளை வைத்து 2017இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. அவருடைய உச்ச காலத்தில் ஆண்டுக்கு 900 மணி நேரத்துக்கும் மேல் பயிற்சி. கணக்குப் போட்டால், விடுமுறையே இல்லாமல் நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம். அதில் பத்தில் ஒன்பது பங்கு பேசிக்கொண்டே செய்யக்கூடிய மெதுவான பயிற்சிதான். நம் மாணவர்களிடம் இதை எப்போது சொன்னாலும் நம்ப மறுக்கிறார்கள். மூச்சு வாங்க ஓடினால்தான் பயிற்சி என்று அவர்கள் முடிவு கட்டி வைத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். நார்வேயிலும் ஆண்டு முழுதும் பனி கிடப்பதில்லை. மே முதல் நவம்பர் வரை பெரும்பாலான ஊர்களில் தரையில் பனியே இருக்காது. பனிச்சறுக்கு வீரரின் ஆண்டுப் பயிற்சியில் பெரும்பகுதி பனியில்லாத இந்த மாதங்களில்தான் நடந்தாக வேண்டும். அந்த நாட்டின் மேற்குக் கடற்கரையில் இருப்பவர்களுக்கு இந்த மாதங்களில் கிடைப்பது பெரும்பாலும் மழை. நம் ஊர் மழைபோல் ஒரு மணி நேரம் கொட்டி ஓயும் மழையும் இல்லை. காலையில் தொடங்கி இரவு வரை நசநசவென்று பெய்யும், 5 முதல் 10 டிகிரி செல்சியஸ் குளிரோடு சேர்ந்த மழை.

பெர்கனின் வானம்

பெர்கன் நார்வேயின் இரண்டாவது பெரிய நகரம். ஏழு மலைகள் சூழ்ந்த துறைமுகம். அங்கு ஆண்டு மழை 2,200 மில்லிமீட்டருக்கும் மேல். சென்னைக்குச் சராசரி 1,400 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். எண்ணை மட்டும் பார்த்தால் ஒன்றரை மடங்குதானே என்று தோன்றும். வேறுபாடு அளவைவிட நாட்களில் இருக்கிறது. சென்னை தன் மழையின் பெரும்பகுதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான சில பெருமழை நாட்களில் வாங்கிக்கொள்கிறது. பெர்கனிலோ ஆண்டில் 200 நாட்களுக்கு மேல் மழை பெய்கிறது. 2006 அக்டோபர் இறுதியில் தொடங்கி 2007 ஜனவரி வரை 80 நாட்களுக்கு மேல் ஒரு நாள்கூட விடாமல் பெய்ததும் உண்டு.

காரணம் நம் புவியியல் பாடத்தில் உள்ளதே. வட அட்லாண்டிக் நீரோட்டம் வெதுவெதுப்பான நீரைக் கொண்டுவருகிறது. அதன் மேல் வீசும் மேற்குக் காற்று ஈரத்தைச் சுமந்துவந்து கரையோர மலைகளில் மோதி மேலேறுகிறது, குளிர்கிறது, பொழிகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி வால்பாறையை நனைப்பதும் இதே முறைதான். மலைத்தடுப்பு மழைக்கு வால்பாறையோடு பெர்கனையும் சேர்த்துச் சொன்னால், அது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நிகழ்வு என்ற எண்ணம் மாணவருக்கு வராது.

இதே வெதுவெதுப்பான கடலால்தான் பெர்கன் நகருக்குள் பனி அதிக நாள் தங்குவதும் இல்லை. அங்குள்ள சறுக்கு வீரர்கள் குளிர்காலத்தில்கூட குவாம்ஸ்கூகன், வோஸ் போன்ற உயரமான உட்பகுதிகளுக்குப் போய்த்தான் பனியை மிதிக்கிறார்கள். மழை விட்டால் பயிற்சி செய்யலாம் என்று காத்திருப்பவர் அந்த ஊரில் ஒருபோதும் பயிற்சி செய்ய முடியாது. அதனால் மழைக்கு ஏற்பப் பயிற்சியின் வடிவத்தையே மாற்றிக்கொண்டார்கள்.

சக்கரத்தின் மேல் சறுக்கு

பனியில்லாத மாதங்களின் முக்கியக் கருவி ரோலர் ஸ்கீ. முழங்கால் உயரத்தைவிடச் சற்று நீளமான, குறுகிய உலோகச் சட்டம். முன்னும் பின்னும் ஒவ்வொரு ரப்பர் சக்கரம். அதன்மேல் சறுக்குக் காலணியைப் பூட்டிக்கொண்டு தார்ச்சாலையில் போகலாம். பனிச்சறுக்கில் இரண்டு பாணிகள் உண்டு. கட்டைகளை இணையாக வைத்து நடப்பதுபோல் உந்திச் செல்வது செவ்வியல் பாணி. ஸ்கேட்டிங் செய்வதுபோல் பக்கவாட்டில் உதைத்துச் செல்வது மற்றொன்று. அது 1980களில்தான் பரவலானது. செவ்வியல் பாணிக்கான ரோலர் ஸ்கீயில் ஒரு சக்கரம் முன்னோக்கி மட்டுமே சுழலும், பின்னோக்கிச் சுழலாது. அதனால்தான் காலை அழுத்திப் பின்னால் உதைக்க முடிகிறது.

பெரும்பாலான ரோலர் ஸ்கீகளில் பிரேக் கிடையாது. சரிவில் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டிவிடலாம். நிறுத்த வேண்டுமென்றால் கால்களை அகட்டி உராய வேண்டும், இல்லையென்றால் ஓரப் புல்லில் இறங்கிவிட வேண்டும். காய்ந்த சாலையிலேயே இதுதான் நிலைமை என்றால் நனைந்த சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

உராய்வுப் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து குறைவு. ரப்பருக்கும் தாருக்கும் இடையில் ஒரு மெல்லிய நீர்ப்படலம் வந்ததும் பிடிப்பு குறைகிறது. ஸ்கேட்டிங் பாணியில் விசை பக்கவாட்டில் செல்வதால் சக்கரம் விலகி வழுக்குகிறது. வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, உதிர்ந்து நனைந்த இலை ஆகிய மூன்றும் சாலையைவிட இன்னும் மோசம். பல நாள் வெயிலுக்குப் பின் வரும் முதல் மழையில் சாலையில் படிந்திருந்த எண்ணெயும் தூசும் நீரோடு கலந்து மெழுகுபோல் ஆகிவிடும். இருசக்கர வாகனம் ஓட்டும் நம் எல்லோருக்கும் இது தெரியும்.

ஊன்றுகோலின் கதை வேறு. அதன் நுனியில் கடினமான கார்பைடு உலோக முனை இருக்கும். முனை மழுங்கியிருந்தால் ஈரச் சாலையில் குத்தி நிற்காமல் பின்னால் வழுக்கும். தோள் கொடுத்த விசை வீணாகும். முனையை அடிக்கடி வைர அரத்தால் தீட்டிக்கொள்வார்கள். கோலைச் சாய்வாக ஊன்றாமல் சற்று நிமிர்த்தி ஊன்றினால் விசையின் செங்குத்துக் கூறு அதிகமாகி முனை பிடித்துக்கொள்ளும். பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவரால் ஒரு கோடு வரைந்தே இதை விளக்கிவிட முடியும்.

ஆகவே மழை நாளில் பயிற்சியாளர்கள் தேர்வது ஏற்றமான அல்லது சமதளமான பாதை, செவ்வியல் பாணி அல்லது இரண்டு கோல்களையும் ஒருசேர ஊன்றித் தள்ளும் பயிற்சி, குறைந்த வேகம், பளிச்சென்ற மேலாடை, விளக்கு. உச்சியை அடைந்ததும் சக்கரத்தைக் கழற்றிவிட்டு நடந்தோ வண்டியிலோ இறங்குவதும் உண்டு. ஈரச் சாலையில் இன்னொரு பயனும் இருக்கிறது. பின்னோக்கிச் சுழலாத சக்கரம் காய்ந்த தாரில் மிகையான பிடிப்பைக் கொடுத்து, உதைக்கும் நேரத்தில் செய்யும் பிழையை மறைத்துவிடும். பனியில் அப்படிச் சலுகை கிடைக்காது. நனைந்த தாரும் பிழையாக உதைத்தால் வழுக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். வீடு திரும்பியதும் சக்கரத்தின் பேரிங்கைத் துடைத்துக் காயவைத்து எண்ணெய் விட வேண்டும். விட்டால் துருதான்.

மழை வலுத்தால் ரோலர் ஸ்கீயை வைத்துவிட்டு ஊன்றுகோலோடு மலையேறுவார்கள். கால்களை நீளமாக எட்டிவைத்து, பனியில் உந்துவதுபோலக் கோலை ஊன்றித் துள்ளி ஏறும் பயிற்சி அது. காட்டுமான் மேடேறும் நடையை வைத்து நார்வேயில் அதற்கு ஒரு செல்லப்பெயரே இருக்கிறது. சேறும் பாசியும் நிறைந்த சதுப்பு நிலத்தில் ஓடுவதும் அங்கே பழைய பழக்கம். தரை அமுங்குவதால் மூட்டில் அதிர்ச்சி குறைவு. காலைப் பிடுங்கி எடுக்க உழைப்பு அதிகம். பெர்கனைச் சூழ்ந்த மலைகளில் உயரமானது உல்ரிக்கன், 643 மீட்டர். அதன்மேல் ஏற 1,333 கற்படிகள் கொண்ட பாதை ஒன்று உண்டு. அதை அடுக்கியவர்கள் நேபாளத்திலிருந்து வந்த ஷெர்பாக்கள். மழையில் மண்பாதை அரித்துக்கொண்டு போகாமல் இருக்கக் கல் அடுக்கும் கலையை இமயமலைக்காரர்களிடமிருந்து வாங்கியிருக்கிறார்கள்.

இஸ்திரிப்பெட்டியும் குண்டு பல்பும்

இனிதான் கட்டுரையின் மையம். 5 டிகிரி மழையில் இரண்டு மணி நேரம் நனைந்துகொண்டே ஒருவர் பயிற்சி செய்கிறார். அவருக்கு ஏன் குளிர்வதில்லை?

மிதமான வேகத்தில் பயிற்சி செய்யும் வளர்ந்த ஒருவரின் உடல் நொடிக்குச் சுமார் 750 ஜூல், அதாவது 750 வாட் அளவில் ஆற்றலைச் செலவழிக்கிறது. தசையின் திறன் 20 முதல் 25 விழுக்காடுதான். எனவே 150 வாட் அளவே இயக்கமாக மாறுகிறது. மீதி 600 வாட் வெப்பமாகிறது. ஏறத்தாழ ஓர் இஸ்திரிப்பெட்டி உடலுக்குள் எரிந்துகொண்டிருப்பதற்குச் சமம். அந்தச் சூட்டோடு மழை போட்டி போட முடியாது. சற்று வேகம் கூட்டினால் வியர்க்கவே செய்யும்.

அவர் நிற்கிறார். சில நிமிடங்களில் உடலின் வெப்ப உற்பத்தி ஓய்வு நிலைக்கு, சுமார் 100 வாட்டுக்கு, அதாவது பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஆனால் உடை அதே ஈர உடை, காற்று அதே காற்று. நீரின் வெப்பக் கடத்தும் திறன் காற்றைப்போல் ஏறத்தாழ 24 மடங்கு. துணியின் இழைகளுக்கு இடையே காற்று இருந்த இடத்தையெல்லாம் நீர் பிடித்துக்கொண்டால், உடலைக் காத்த துணியே வெப்பத்தை வெளியே கடத்தும் பாதையாகிவிடுகிறது. போதாததற்கு ஆவியாதல் வேறு. தோல் வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 2.4 கிலோஜூல் வெப்பம் வேண்டும்.

இதை வகுப்பில் ஒரு கணக்காகவே கொடுக்கலாம். 40 கிலோ எடையுள்ள மாணவி. மனித உடலின் சராசரித் தன்வெப்பம் கிலோவுக்கு 3.5 கிலோஜூல். அவர் உடல் 1 டிகிரி குளிர 140 கிலோஜூல் வெளியேற வேண்டும். சட்டையில் இருக்கும் 100 கிராம் நீர் மட்டும் ஆவியாக 240 கிலோஜூல் தேவை. அந்த வெப்பம் முழுவதும் உடலிலிருந்தே போய், உடல் புதிதாக எதையும் உண்டாக்காமலும் இருந்தால், வெப்பநிலை 1.7 டிகிரி இறங்கும். உண்மையில் ஒரு பகுதி சுற்றுக்காற்றிலிருந்து வரும். உடலும் நடுங்கி வெப்பம் உண்டாக்கும். அதனால் அவ்வளவு இறங்காது. ஆனாலும் 100 கிராம் நீர் என்பது அரை டம்ளர். நன்றாக நனைந்த பருத்திச் சட்டையும் பாவாடையும் அதைப்போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைத்திருக்கும். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு, நனைந்த பிள்ளையை மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்து உலரட்டும் என்று விடுவதை யோசித்துப் பார்க்கலாம்.

பெர்கன் போன்ற ஊர்களில் மழைப்பயிற்சி முழுவதும் இந்த ஓர் அறிவின் மேல்தான் நிற்கிறது. ஆபத்து ஓடும் இரண்டு மணி நேரத்தில் குறைவு. நின்ற பிறகான முதல் 10 நிமிடத்தில் அதிகம். ஆகவே பயிற்சியின் நடுவே நின்று விளக்கம் கொடுப்பதில்லை. சொல்ல வேண்டியதைக் கூரைக்குள் இருக்கும்போதே சொல்லிவிடுகிறார்கள். இடைவெளி விட்டு விட்டுச் செய்யும் கடுமையான பயிற்சியில் இடைவெளியிலும் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறார்கள். சுற்றுப்பாதையைச் சிறிதாக வைத்து, யாருக்காவது உடல் குளிர்ந்தால் ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடும்படி பார்த்துக்கொள்கிறார்கள். முடிந்ததும் நீட்டல் பயிற்சி, அரட்டை எதுவும் கிடையாது. நேரே உள்ளே, ஈரம் அனைத்தையும் கழற்றி, துவட்டி, தலை முதல் கால்வரை உலர்ந்த உடை, சூடான பானம். நீட்டல் பயிற்சி எல்லாம் அதன் பிறகு.

உடல் குளிர்வதை முதலில் காட்டிக்கொடுப்பவை விரல்கள். சட்டைப் பொத்தான் போட முடியாமல் தடுமாறுவது, கால் இடறுவது, சொல் குழறுவது, காரணமில்லாமல் எரிந்துவிழுவது அல்லது அமைதியாகி ஒதுங்குவது. உடலின் உள்வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது மருத்துவ உதவி தேவைப்படும் நிலை. சிறுவர்களுக்கு எடையோடு ஒப்பிடத் தோல்பரப்பு அதிகம். ஆதலால் பெரியவரைவிட விரைவாகக் குளிர்ந்துவிடுவார்கள். தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். ஒன்றாக நனைந்த ஆசிரியருக்குக் குளிரவில்லை என்பதால் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் குளிராது என்று கொள்ள முடியாது.

சறுக்கு வீரர்கள் மைனஸ் 5 டிகிரிப் பனியைவிட பிளஸ் 3 டிகிரி மழையைத்தான் கடினமானதாகக் கருதுகிறார்கள். உலர்பனியைத் தட்டிவிட்டால் போய்விடும். மழை உள்ளே இறங்கும்.

மீன்வலையில் ஒரு பனியன்

உடையைப் பற்றி அவர்கள் வெகு நேரம் பேசுவார்கள். பருத்தி கூடவே கூடாது. அது நீரைக் குடித்துத் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கம்பளி இழை தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைத் தனக்குள் வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது; நனைந்தாலும் சுருள் இழைகள் ஓரளவு காற்றைப் பிடித்துவைக்கும். 1933இல் ஹென்ரிக் புரூன் என்ற நார்வே ராணுவ அதிகாரி மீன்வலையை வெட்டி ஒரு பனியன் தைத்தார். வலையின் பெரிய கண்கள் ஒவ்வொன்றிலும் தோலுக்கும் மேல்சட்டைக்கும் நடுவே காற்று தங்கும். வியர்வை வெளியேறவும் வழி இருக்கும். அந்த வலைப்பனியன் இன்றும் அங்கே விற்பனையாகிறது. காற்று ஓர் அரிதிற்கடத்தி என்று ஒரு வரியில் நடத்திவிட்டுப் போகும் செய்திக்கு இவ்வளவு நல்ல சான்று இருக்கிறது.

முழுக்க நீர் புகாத ரெயின்கோட்டைக் கடும்பயிற்சிக்குப் போடுவதில்லை. வெளி மழை உள்ளே வராது. உள் மழையும் வெளியே போகாது. அரை மணி நேரத்தில் வியர்வையிலேயே நனைந்துவிடலாம். காற்றைத் தடுக்கும் மெல்லிய மேலாடை போதும், நனைந்தால் நனையட்டும், சூடு குறையாமல் இருந்தால் சரி என்பது அவர்கள் கணக்கு. மெதுவான பயிற்சிக்கு மட்டும் ரெயின்கோட்.

மோசமான வானிலை என்று ஒன்று இல்லை, மோசமான உடைதான் உண்டு என்று நார்வேயில் ஒரு சொலவடை இருக்கிறது. அவர்கள் மொழியில் வானிலைக்கும் உடைக்கும் உள்ள சொற்கள் எதுகையாக அமைவதால் சின்னப் பிள்ளைகளும் சொல்வார்கள். அங்குள்ள மழலையர் பள்ளிகளில் மழையிலும் பிள்ளைகளை வெளியே விளையாட விடுவது வழக்கம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இந்தச் சொலவடை பாதி உண்மைதான் என்பது என் கருத்து. ஒவ்வொரு பிள்ளைக்கும் முழுநீள மழையுடை, ரப்பர் பூட்ஸ், மாற்றுக் கம்பளி உடை, அவற்றை உலர்த்தப் பள்ளியிலேயே சூடான காற்று ஊதும் அலமாரி, இவ்வளவும் இருக்கும் நாட்டில் பிறந்த சொலவடை அது. உடை யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்ற கேள்வியை அது கேட்பதே இல்லை.

நனைந்தால் சளி பிடிக்குமா

பெற்றோர் நம்மிடம் முதலில் கேட்பது இதைத்தான். சளியை உண்டாக்குவது வைரஸ், மழைநீர் அன்று. இங்கிலாந்தில் சாலிஸ்பரி நகருக்கு அருகே 1946 முதல் இயங்கிய சளி ஆராய்ச்சி மையத்தில் தன்னார்வலர்களை நனைத்துக் குளிரில் நிறுத்திப் பார்த்தார்கள். நனைந்தவர்களுக்குக் கூடுதலாகச் சளி வந்ததாகத் தெரியவில்லை. பின்னர் 2005இல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃபில் 180 பேரை வைத்து ஒரு சோதனை. பாதிப் பேர் 20 நிமிடம் குளிர்ந்த நீரில் கால் வைத்திருந்தார்கள். அடுத்த சில நாட்களில் சளிக்கான அறிகுறிகளைச் சொன்னவர்கள் அந்தக் குழுவில்தான் அதிகம். ஏற்கெனவே உடலில் இருந்த வைரஸ் குளிர்ச்சியால் தலைதூக்கியிருக்கலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம். ஆக, பாட்டி சொன்னதை முற்றாகத் தள்ளவும் முடியாது, அப்படியே ஏற்கவும் முடியாது. இரண்டு முடிவுகளையும் மாணவர் முன் வைத்து, சோதனை முறையில் என்ன வேறுபாடு என்று கேட்பதே நல்லது. அறிவியல் ஒரே சோதனையோடு முடிந்துவிடுவதில்லை என்பதும் அதில் தெரியவரும்.

நம் மைதானத்துக்கு

இந்த விளையாட்டு நமக்கு முற்றிலும் அந்நியம் என்று சொல்லிவிடவும் முடியாது. ஜகதீஷ் சிங் 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக இதில் கலந்துகொண்டார். பனியே பார்க்காத, மழைக்குப் பெயர்பெற்ற குடகு மாவட்டத்திலிருந்து வந்தவர் சறுக்கு வீராங்கனை பவானி தெக்கடா நஞ்சுண்டா. என்றாலும் நம் பள்ளிகளில் ரோலர் ஸ்கீ வரப்போவதில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது மழை நாளுக்கென்று ஒரு திட்டம் வைத்துக்கொள்ளும் பழக்கத்தை.

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பி.இ.டி. பீரியட் கணக்குக்கோ ஆங்கிலத்துக்கோ போய்விடுகிறது. தூறல் நின்ற பிறகும் திரும்பி வருவதில்லை. அதற்காக மழையில் பிள்ளைகளை ஓடவிடலாம் என்று நான் சொல்லவில்லை. பெர்கனின் மழையில் இடி மின்னல் குறைவு. நம் மழையில் மிகுதி. இடி காதில் விழுந்தால் மைதானத்தில் ஒருவரும் இருக்கக் கூடாது. கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழித்தே வெளியே விட வேண்டும். தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு. வெறுங்காலோடு இறங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு செட் சீருடையைத் துவைத்துத் துவைத்துப் போட்டு வரும் பிள்ளை நம் வகுப்பில் இருக்கிறார். அவருக்கு நின்ற பிறகான 10 நிமிடம் என்பது மாலை 4 மணி வரை நீளும். மாற்றுடைக்கு வழி இல்லாத இடத்தில் நனையும் பயிற்சிக்கும் இடமில்லை.

ஆனால் மழை விட்ட மைதானம், தாழ்வாரம், படிக்கட்டு, மூடிய கூடம் இவை இருக்கின்றன. பேசிக்கொண்டே செய்யக்கூடிய மெதுவான பயிற்சிதான் பத்தில் ஒன்பது பங்கு என்றால், அதற்குப் பெரிய மைதானம் தேவையில்லை. தாழ்வாரத்தில் 20 நிமிட நடை, ஒரே இடத்தில் முழங்கால் உயர்த்தல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல் போன்றவற்றை உடற்கல்வி ஆசிரியரோடு பேசி அக்டோபருக்கு முன்பே எழுதிவைத்துக்கொள்ளலாம். பள்ளிக்கு வரும் வழியில் நனைந்துவிடும் பிள்ளைகளுக்காகப் பழைய துண்டுகளும் சில உலர்ந்த சட்டைகளும் அலமாரியில் இருப்பது இன்னும் அவசரம். பழைய மாணவர்களிடமும் பெற்றோரிடமும் கேட்டால் பயன்படுத்திய உடை கிடைக்கும்.

மூன்று பாட்டில் சோதனை

வெப்பம் பாடம் நடத்தும்போது செய்து பார்க்க ஒரு செயல்பாடு. ஒரே அளவுள்ள மூன்று கண்ணாடிப் பாட்டில்கள். மூன்றிலும் சம அளவு வெந்நீர், கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்று அதிகம். ஊற்றுவது ஆசிரியராகவே இருக்கட்டும். முதல் பாட்டிலை உலர்ந்த பருத்தித் துணியாலும், இரண்டாவதை நனைத்துப் பிழிந்த அதே வகைத் துணியாலும் சுற்ற வேண்டும். மூன்றாவதையும் நனைத்த துணியால் சுற்றி, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் உறையை இறுக்கமாகக் கட்ட வேண்டும். மின்விசிறிக்கு முன் சம தொலைவில் வைத்து, 2 நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பமானியைப் பார்த்து 20 நிமிடம் குறிக்கலாம். வெப்பமானியின் குமிழ் பாட்டிலின் அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது. வெப்பமானி இல்லாத தொடக்கப்பள்ளியில், 10 நிமிடம் கழித்துத் துணியை அவிழ்த்துப் பாட்டிலைத் தொட்டு வரிசைப்படுத்தச் சொன்னாலே போதும்.

ஈரத்துணி சுற்றிய இரண்டாவது பாட்டில்தான் விரைவாகக் குளிரும். உறை கட்டிய மூன்றாவது அதைவிட மெதுவாகக் குளிரும்; அங்கே கடத்தல் நடக்கிறது, ஆவியாதல் தடைபடுகிறது. உயர்நிலை வகுப்பில் இரண்டாவது பாட்டிலின் துணியைச் சோதனைக்கு முன்னும் பின்னும் சமையலறைத் தராசில் நிறுத்தால் எத்தனை கிராம் நீர் ஆவியானது என்று தெரியும். அதை 2.4ஆல் பெருக்கினால் அந்த ஆவியாதலுக்குப் போன வெப்பம் கிலோஜூலில் கிடைக்கும். பாட்டிலில் உள்ள நீர் இழந்த வெப்பத்தோடு அதை ஒப்பிடச் சொல்லுங்கள். இரண்டும் சமமாக வராது. ஏன் வரவில்லை என்ற விவாதத்துக்குத்தான் பீரியடின் மீதி நேரத்தை ஒதுக்க வேண்டும். வீட்டில் மப்ளர் இருக்கும் மாணவர் யாராவது இருந்தால், மறுநாள் நனைத்த கம்பளியோடு நான்காவது பாட்டிலையும் சேர்த்துக்கொள்ளலாம்.